நமது காய்ச்சல் நாய்க்கும் பூனைக்கும் தொற்றுமா? கால்நடை வைத்தியரின் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கால்நடை வைத்தியராக வேலை செய்தேன். மிருகத்திடமிருந்து நமக்கு என்ன வரும் என்று கேட்காத வீடே இல்லை. நம்மிடமிருந்து மிருகத்துக்கு என்ன போகும் என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. இந்த முறை வந்த கேள்விகள் அதைப் பற்றியவை என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: டொக்டர், கொவிட் வந்து ஒரு கிழமை படுத்திருந்தேன். எங்கள் பூனை என் கால்மாட்டில்தான் தூங்கும். இப்போது அது தும்முகிறது. அம்மம்மா அதை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்கிறா.

விட்டுவிடாதீர்கள் பிள்ளை. உங்களிடமிருந்து அதற்குத் தொற்றியிருக்க இடமுண்டு. கொவிட் வைரஸ், ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உடற்கலத்துக்குள் நுழைகிறது. பூனையின் உடலில் உள்ள அந்தப் புரதம் நம்முடையதைப் பெரிதும் ஒத்தது, கோழியினுடையது ஒத்துவராது. அதனால்தான் பூனை வீட்டுப் படலை அதற்குத் திறக்கிறது, கோழி வீட்டுப் படலை திறப்பதில்லை. பெரும்பாலான பூனைகள் இலேசான தும்மலோடு தேறிவிடும். அதோடு, பூனைக்கென்றே ஹெர்பிஸ், கலிசி என்று தும்மல் வைரஸ்கள் இருக்கின்றன. அவையாகவும் இருக்கலாம்.

பூனையிடமிருந்து மனிதருக்குத் திரும்பியது மிக அபூர்வம். 2021இல் தாய்லாந்தில், கொவிட் வந்த வீட்டுப் பூனை ஒன்று தன்னைப் பரிசோதித்த கால்நடை வைத்தியரின் முகத்தில் தும்மி, அவருக்கும் தொற்றியது. ஆகவே ஒரு கிழமைக்கு அதை வீட்டுக்குள் தனியாக வைத்திருங்கள். சாப்பாடு வைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பிட மறுத்தால், மூச்சு வாங்கினால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: சிங்கத்துக்கும் கொரோனா வந்ததாமே?

வந்தது. 2020 ஏப்ரலில் நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் நாடியா என்ற புலிக்குத்தான் முதலில் தெரியவந்தது. 2021 ஜூனில் நம் தெஹிவளையில் தோர் என்ற சிங்கத்துக்கு வந்தது. அதே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் நீலா என்ற பெண்சிங்கம் செத்துப்போனது. கூண்டுக்குள் இருக்கும் விலங்கு நோயைத் தேடிப் போவதில்லை, நாம்தான் கொண்டுபோகிறோம்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்: மிருகத்துக்குப் போனால் அதோடு முடிந்ததுதானே ஐயா?

முடியாது தம்பி. எனக்குக் கவலை தருவதே அந்த இடம்தான். மிங்க் என்று ஒரு விலங்கு, பார்வைக்குக் கீரி மாதிரி இருக்கும், உரோமத்துக்காக வளர்ப்பார்கள். 2020இல் நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பண்ணை ஆட்களிடமிருந்து கொவிட் மிங்குக்குப் போனது. நெருக்கமாக அடைத்து வைத்த ஆயிரக்கணக்கான விலங்குகளுக்குள் பரவும்போதே வைரஸ் மாறியது. மாறிய வைரஸ் திரும்ப மனிதருக்கு வந்தது. அந்த நவம்பரில் டென்மார்க் அரசு நாட்டிலிருந்த மிங்க் எல்லாவற்றையும், ஒன்றரைக் கோடிக்கு மேல், கொல்லச் சொன்னது. தவறு செய்யாத அத்தனை உயிர்கள்.

பண்ணையையாவது மூடலாம். காட்டை என்ன செய்வது? 2021 தொடக்கத்தில் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் மான்களின் குருதியைச் சோதித்தபோது, 40 வீதமானவற்றில் கொவிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், அதாவது தொற்று வந்துபோன அடையாளம், இருந்தன. மனிதரிடம் வழக்கொழிந்த வைரஸ் வகை மானிடம் ஒளிந்திருந்து, வேறு உருவத்தில் திரும்பி வரலாம்.

நல்லூரிலிருந்து: மகனுக்குச் சின்னமுத்து (தட்டம்மை). நாய்க்குட்டியைப் பிரித்து வைக்கவா?

நாய்க்காகப் பயப்பட வேண்டாம், சின்னமுத்து அதற்குத் தொற்றாது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நாய்க்குட்டிகளைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸும் சின்னமுத்து வைரஸும் ஒரே குடும்பம். எவ்வளவு நெருக்கமென்றால், டிஸ்டெம்பரைத் தடுக்கக் குட்டிகளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி போட்ட காலமும் இருந்தது. மகனை வைத்தியரிடம் காட்டுங்கள். குட்டிக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசியைப் போடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: தம்புள்ளைக்குப் போனால் பிள்ளைகள் கடித்த வாழைப்பழத்தைக் குரங்குகளுக்குக் கொடுப்பார்கள். அதில் ஏதும் பிழையா?

பிழைதான் அம்மா, தயவுசெய்து வேண்டாம். சின்னமுத்து குரங்குகளுக்கும் தொற்றும். மேற்கு ஆபிரிக்காவில் ஐவரிகோஸ்ட் நாட்டின் 'தாய்' (Taï) என்ற காட்டில், மனிதருக்குத் தடிமன் தரும் சாதாரண வைரஸ்களால் சிம்பன்சிகள் கூட்டமாகச் செத்தன. நமக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகும் நோய் அவற்றுக்கு மரணம். கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் 7 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி கொவிட்டுக்கு முன்பே இருந்தது.

இளவாலையிலிருந்து: பன்றி வளர்க்கிறோம், அதே வளவில் கோழியும் நிற்கிறது. வேலையாளுக்கு அடிக்கடி காய்ச்சல். யோசிக்க வேண்டுமா?

வேண்டும். மனிதரின் இன்புளுவென்சா பன்றிக்கு இலகுவாகத் தொற்றும். 2009இல் உலகமெல்லாம் பரவியதைப் 'பன்றிக் காய்ச்சல்' என்று சொல்லிப் பன்றிமேல் பழி போட்டோம். அதன் பிறகு அதே வைரஸை மனிதர்தான் பன்றிகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 300 தடவைக்கு மேல். பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே பன்றிக்குள் சந்தித்தால், இரண்டும் கலந்து புதியதொன்று பிறக்க வழியுண்டு.

கோழிக்கூட்டைப் பன்றிக் கொட்டிலிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். காய்ச்சல், இருமல் உள்ளவர் குணமாகும்வரை கொட்டிலுக்குள் போகக் கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளத்தை வெட்டாதீர்கள். வெட்டினால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.