கரிம வேதியியல் படிக்க ஆசைப்படும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடிக்கப் போகும் உங்கள் மகள், நீட் கோச்சிங் வேண்டாம், உயிருக்குள்ளே கார்பன் என்ன செய்கிறது என்றுதான் படிக்கணும் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். 'கெமிஸ்ட்ரி படித்தால் டீச்சர் வேலையைத் தவிர வேறென்ன கிடைக்கும்' என்ற உங்கள் கவலை புரிகிறது. கல்லூரிப் பெயர்களுக்குப் போவதற்கு முன், அவள் எதைப் பார்த்து இப்படி மயங்கி நிற்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

நம் உடல் எடையில் ஏறக்குறைய 18 சதவீதம் கார்பன். அறுபது கிலோ எடையுள்ளவர் உடலில் பத்து கிலோவுக்கு மேல் இருக்கிறது. சோற்றில் உள்ள மாவுச்சத்து, பருப்பின் புரதம், நல்லெண்ணெயின் கொழுப்பு, அப்பா அம்மாவின் சாயலைப் பிள்ளைக்குக் கொண்டுவரும் டி.என்.ஏ. எல்லாமே கார்பன் அணுக்களைக் கோத்துக் கட்டியவை. ஒரு கார்பன் அணுவால் நான்கு பிணைப்புகள் போட முடியும். தன் இனத்தோடேயே கைகோத்து நீளச் சங்கிலியாக, கிளையாக, வளையமாகப் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பிணைப்பு சட்டென்று அறுந்துபோகாது. ஆனால் உடலிலுள்ள நொதிகள் நினைத்தால் பிரித்து வேறு மாதிரி சேர்க்கவும் முடியும். உயிருக்கு இந்த இரண்டும் வேண்டும்.

சிலிக்கானும் நான்கு பிணைப்பு போடும் தனிமம்தான். பூமியின் மேலோட்டில் கார்பனைவிட எத்தனையோ மடங்கு அதிகம் கிடக்கிறது. அப்படியிருந்தும் உயிர் கார்பனையே ஏன் பிடித்துக்கொண்டது? ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் வாயுவாகிறது. நீரில் கரைகிறது, இலைக்குள் நுழைகிறது, மூச்சில் வெளியேறுகிறது. சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் மணலாகிவிடும். மணலை எந்த உயிரும் மூச்சாக விட முடியாது. இன்று சாப்பாட்டு நேரத்தில் உங்கள் மகளிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சரியா தப்பா என்று பார்க்க வேண்டாம். யோசிக்கிறாளா, புத்தகத்தைத் தேடி எடுக்கிறாளா, மறுநாளும் அதைப் பற்றிப் பேசுகிறாளா என்று பாருங்கள். பேசினால் ஆசை உண்மையானது. நீட்டிலிருந்து தப்பிக்கத்தான் சொல்கிறாள் என்றால் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

ஆசை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த பாதை பயிர்ப் பக்கம் போவது. செடி தன் உடலைக் கட்டும் கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. அது இலைக்குள் எந்தெந்தப் படிகளில் சர்க்கரையாகிறது என்பதை, கதிரியக்கக் கார்பன்-14 ஐப் பாசிக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தார்கள் கலிஃபோர்னியாவில் மெல்வின் கால்வினும் அவர் குழுவினரும். 1961-இல் கால்வினுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை முதலில் நான்கு கார்பன் கொண்ட பொருளை உண்டாக்கும். நெல் மூன்று கார்பன் கொண்டதை. வெயில் கொளுத்தும் நிலத்தில், குறைந்த தண்ணீரில் முதல் வகைதான் கெட்டிக்காரப் பயிர். நெல்லையும் அந்த வழிக்குத் திருப்ப முடியுமா என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிவைத்த முயற்சியில் பல நாட்டு விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள். சோறு சாப்பிடும் ஊரில் பிறந்த பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட விவசாயப் படிப்புக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் போதும்.

மருந்துத் துறை உங்களுக்கே தெரியும். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை கார்பன் சேர்மங்கள்தான். கரிம வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துக் கைத்திறமையும் உள்ளவர்களை ஹைதராபாத், பெங்களூரு நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

தொல்லியல் பக்கமும் ஒரு வழி உண்டு. உயிர் போனதும் உடலுக்குள் புதிய கார்பன் வருவது நின்றுவிடும். இருக்கும் கார்பன்-14 ஏறத்தாழ 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கீழடிக் கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கணித்தது இந்தக் கணக்கில்தான். அந்த மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போனவை. டெல்லியில் இப்போது அதற்கான கருவி இருக்கிறது. ஆனால் வேலைகள் மிகக் குறைவு. இதை மட்டுமே நம்பிப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, எங்கே சேர்ப்பது? ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து வருடத்தில் இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்து கிடைக்கும். இதற்கென்று தனி நுழைவுத் தேர்வு உண்டு. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலிருந்தும் கேள்வி வரும். தமிழில் வினாத்தாள் கிடையாது என்பதால், தமிழ் வழியில் படித்திருந்தால் ஆங்கிலச் சொற்களை இப்போதே பழக்கிவிடுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் இளநிலைப் படிப்புக்கும் இதே தேர்வுதான் வழி. மருத்துவத் துறையில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் அதைப் பாருங்கள்.

இது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் சாதாரண பி.எஸ்ஸி. வேதியியலே போதும். பயோடெக்னாலஜி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மட்டும் எங்கேயும் பணம் கட்டிவிடாதீர்கள். சேர்வதற்கு முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். மாணவர்கள் கருவியைத் தாங்களே தொட்டு இயக்குகிறார்களா, வெறும் செய்முறை விளக்கத்தோடு முடிகிறதா என்று இறுதியாண்டு மாணவர்களிடம் கேளுங்கள். உயிர்வேதியியலுக்கும் இதே சோதனை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இளநிலை முடித்ததும் சம்பளம் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்தத் துறைக்கு முதுநிலை வரை கண்டிப்பாகப் படிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் வீட்டுக்குப் பாரமில்லை. சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி.

அவளுக்கு மனமிருந்தால் நீட்டையும் ஒருமுறை எழுதட்டும். பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். மனமில்லாத பெண்ணை ஒரு வருடம் வீட்டில் உட்கார வைத்து ரிப்பீட்டர் வகுப்புக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் எந்தெந்தப் பாடம் தடுமாறுகிறது என்று அவளையே எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். ஐசர் தேர்வில் உயிரியல் மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இயற்பியலிலும் கணிதத்திலும்தான். அங்கிருந்து தயாரிப்பைத் தொடங்கலாம்.