கொள்கையின் அடிப்படை தலைவருக்கு ஏன் தெரிய வேண்டும்? அதிகாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

இலங்கையின் உரத்தடையைப் பாருங்கள். 2019 அதிபர் தேர்தலில் வென்ற கோட்டாபய ராஜபக்ச, அந்தப் பிரசாரத்தில் பத்து ஆண்டுகளில் இயற்கை விவசாயத்துக்கு மாறலாம் என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2021 மே மாதமே ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்துவிட்டார்.

அந்தப் பத்து ஆண்டுகள் எதற்கு என்பதுதான் அடிப்படை. ரசாயன உரமான யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது பயிருக்கு வேண்டிய முக்கியச் சத்து. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. மக்கிய உரத்தில் ஒரு சதவீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கொட்ட வேண்டும். அதுவும் மெல்லத்தான் பயிருக்குக் கிடைக்கும். அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, வண்டி எங்கே? சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றவும் சில போகங்கள் வேண்டும். இந்தக் கணக்கு மனதில் இருந்திருந்தால் ஒரே போகத்தில் மாற்றச் சொல்லியிருக்க மாட்டார். சிக்கிம் 2003-ல் அறிவித்து, 2016-ல்தான் முழு இயற்கை மாநிலமானது.

அதிகாரிகளும் வேளாண் அறிஞர்களும் எச்சரிக்காமல் இல்லை. எச்சரிக்கையை எடைபோடவே தலைவருக்கு அடிப்படை தெரிய வேண்டும். தெரியாதவருக்கு அது வெறும் எதிர்ப்பாகத்தான் கேட்கும். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் பெரும்போக (இலங்கையின் முதன்மை நெல் பருவம்) விதைப்பு அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் பெரிதாகச் சரிந்தது, அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. கடன் வாங்கி விதைத்த விவசாயிக்கு அந்தப் போகம் திரும்பக் கிடைக்கவில்லை.