ஹாப்ஸ் கம்மி, ஆனாலும் கசப்பு

கேள்வி: மெல்பர்ன்ல வீட்டுலயே 20 லிட்டர் பேல் ஏல் பீர் போட்டேன், கசப்புக்குப் போடுற ஹாப்ஸ் பூ 60 கிராம்தான், ஆனா வாயில வைக்க முடியாத கசப்பு. ஏன்?

பதில்: கடுக்காய் கடிச்ச மாதிரி நாக்கு வறண்டு இழுக்குதா பாருங்க, அப்படின்னா அது கசப்பே இல்ல, துவர்ப்பு, மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காய வெச்ச தானியத்தைக் கழுவுற தண்ணி 77 டிகிரிக்கு மேல சுட்டு பிஎச்சும் 6ஐத் தாண்டினா உமில இருக்கிற டானின்ங்கிற துவர்ப்புச் சத்து இறங்கிடும். தொண்டைல நிக்கிற சுத்தக் கசப்புன்னா ஹாப்ஸ் பாக்கெட்ல ஆல்ஃபா ஆசிட், அதாவது கசப்பு தர்ற அமிலம் எவ்ளோன்னு பாருங்க, 5 சதவீதத்துக்குப் பதிலா 12 போட்டா, எடை அதேதான், கசப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. அடுப்ப அணைச்சப்புறம் போட்ட ஹாப்ஸும் 80 டிகிரிக்குக் கீழ வர்ற வரைக்கும் கசப்ப விட்டுட்டேதான் இருக்கும், சட்டுனு ஆற வைங்க. தயவுசெஞ்சு இத கொட்டிடாதீங்க, மூணு வாரம் குளிர்ல வெச்சா ஈஸ்ட்டும் ஹாப்ஸ் தூளும் அடில படிஞ்சு கொஞ்சம் சாந்தமாகும்.