கவிழ்ந்ததும் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறினால்

ஜாக்கெட்டின் தோள் பக்கத்துப் பட்டைகளைப் பிடித்து இறுக்குவதை முதலில் விடுங்கள். கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) கவிழ்ந்ததும் மாணவர்களின் லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது என்கிறீர்களே, பெரும்பாலும் இடுப்புப் பட்டை தளர்ந்திருப்பதுதான் காரணம். அது பிடித்தால்தான் மற்றதெல்லாம் நிற்கும், அதனால் இடுப்பு, பக்கவாட்டு, கடைசியில் தோள் என்று கீழிருந்து மேலே இறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கரையிலேயே ஒருவர் பின்னால் நின்று ஜாக்கெட்டின் இரு தோள்களையும் பிடித்து மேலே தூக்கட்டும். மோவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. லேபிளில் எடை வரம்பைப் பாருங்கள், வயதை அல்ல. இடுப்பளவுத் தண்ணீரிலும் ஒருமுறை மிதக்கவிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, கயாக்கில் போடுவது பெரும்பாலும் 50 நியூட்டன் வகை (நியூட்டன் என்பது ஜாக்கெட்டின் மிதக்கவைக்கும் விசையின் அளவு). நீந்தத் தெரிந்தவர்களுக்கானது, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. நீச்சல் தெரியாத பிள்ளைகளுக்கு 100 நியூட்டன் கேட்டு வாங்குங்கள், துடுப்பு போடக் கொஞ்சம் இடைஞ்சல்தான், பரவாயில்லை.