டெஸ்டோஸ்டிரோன் ஊசி கேட்டு டாக்டரிடம் போகுமுன்

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆணழகன் போட்டிக்காக ஜிம் மாஸ்டர் சொன்னபடி இரண்டு சைக்கிள் (சுற்று) ஸ்டெராய்டு போட்டேன். இரண்டாவது 16 வாரம்: வாரத்துக்கு 500 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட், 300 மி.கி. டெக்கா (இன்னொரு ஸ்டெராய்டு ஊசி), முதல் 6 வாரம் டயனபால் மாத்திரை. கடைசி ஊசி போட்டு 5 மாதம் ஆகிறது. உடம்பில் தெம்பு இல்லை, தாம்பத்திய ஆசையே போய்விட்டது, விரைகள் சுருங்கியது போலத் தெரிகிறது. சாயங்காலம் வேலை முடிந்து போய் லேபில் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் 168. “இனிமே ஆயுசுக்கும் டி.ஆர்.டி.தான் (ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றும் சிகிச்சை), டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோ” என்கிறார் மாஸ்டர். குழந்தைக்கும் முயற்சி செய்கிறோம். டாக்டரிடம் எப்படிக் கேட்பது? ஸ்டெராய்டு போட்டதைச் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று, அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்கிற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகச் சோதித்துப் பார்த்ததே டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட்டைத்தான். வாரம் 200 மி.கி. கொடுத்தார்கள், முடிவுகள் 1990-ல் வெளிவந்தன. நீங்கள் போட்டது அதைப்போல் இரண்டரை மடங்கு, கூடவே டெக்காவும்.

காரணம் இதுதான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. முதலாவது விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும்; இரண்டாவது விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கும். வெளியிலிருந்து ஊசி ஏறினால் “இரத்தத்தில் வேண்டிய அளவு இருக்கிறதே” என்று பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடும். வேலையில்லாத விரை சுருங்கும். விந்தணு உருவாக விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த அளவை எந்த ஊசியாலும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. ஊசி போட்டால் தெம்பு வரலாம், ஆசையும் வரலாம். விந்தணு வராது.

ஆகவே டெஸ்டோ கேட்டுப் போகாதீர்கள். நின்றுபோன சொந்தச் சுரப்பு திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லிப் போங்கள். ஆயுசுக்கும் ஊசிதான் என்று 5-வது மாதத்தில் சொல்ல மாஸ்டருக்கு எந்த ஆதாரமும் இல்லை. டெக்கா எண்ணெய் மருந்து. தசையில் தங்கி மெல்லத்தான் வெளியேறும், கடைசி ஊசிக்குப் பிறகும் சில வாரம் பிட்யூட்டரியை அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் நீங்கள் மாதக் கணக்குப் பார்க்க வேண்டும். பலருக்கு 6 முதல் 12 மாதத்துக்குள் சுரப்பு மீள்கிறது, சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும், வெகு சிலருக்கு முழுதாக மீள்வதில்லை. நீங்கள் எந்த வகை என்பது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒற்றை ரிப்போர்ட்டிலிருந்து தெரியாது.

அந்த 168-ஐ நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி மாலையில் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும், தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் கண்டாலும், போட்டிக்காகச் சோற்றைக் குறைத்தாலும் இறங்கும். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்து, இரண்டிலும் குறைந்திருந்தால்தான் குறைபாடு. டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பொதுவாக வைக்கும் எல்லை.

கூடவே எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின், எஸ்.ஹெச்.பி.ஜி., எஸ்ட்ரடயால் (பெண் ஹார்மோன்), தைராய்டு, ஹெச்.பி.ஏ.1சி. (சர்க்கரையின் சராசரி அளவு), முழு இரத்த எண்ணிக்கை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் வேண்டும். எஸ்.ஹெச்.பி.ஜி.யை விட்டுவிடாதீர்கள். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் இந்தப் புரதத்தை ஸ்டெராய்டு தாழ்த்திவிடும். அது தாழ்ந்திருக்கும்போது மொத்த டெஸ்டோஸ்டிரோனும் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். ஊசியையோ, பல பேருக்கு ஒரே குப்பியையோ ஜிம்மில் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 3 நாள் கனமான வெயிட் தூக்காதீர்கள். தசை நொந்திருந்தால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. நொதிகள் இரண்டும் ஏறும், கல்லீரல் கெட்டுவிட்டதென்று வீண் பயம் வரும். ஜி.ஜி.டி. என்ற நொதி கல்லீரலைச் சேர்ந்தது, தசையைச் சேர்ந்ததல்ல. சந்தேகம் வந்தால் அதைப் பார்க்கச் சொல்லலாம். கிரியேட்டின் பவுடர் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகக் காட்டும். முடி கொட்டுவதற்காக பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா? பரிசோதனைக்கு 3 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எல்.ஹெச்.சைக் குறைத்தும் காட்டிவிடும், ஊசியை இன்னும் விடாத ஆளின் ரிப்போர்ட் போல. பி.சி.டி. (சைக்கிள் முடிந்ததும் சுரப்பை மீட்க எடுக்கும் மாத்திரைகள்) என்று க்ளோமிஃபீன், டமாக்ஸிஃபென் விழுங்கியிருந்தால் அதையும் எப்போது நிறுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்; உள்ளே அந்த மாத்திரை இருக்கும்வரை எல்.ஹெச். இயல்புக்கு மேல் நிற்கும்.

போக வேண்டியது ஹார்மோன் மருத்துவரான எண்டோக்ரைனாலஜிஸ்ட்டிடம், அல்லது ஆண்மைக் குறைவைப் பார்க்கும் ஆண்ட்ராலஜி பயிற்சி பெற்ற யூராலஜிஸ்ட்டிடம். “ஆண்மை ஸ்பெஷலிஸ்ட்” என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் அல்ல. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் எண்டோக்ரைனாலஜி துறை இருக்கிறது.

ஸ்டெராய்டு போட்டதைச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். சொல்லியே ஆக வேண்டும். டெஸ்டோஸ்டிரோனும் எல்.ஹெச்.சும் சேர்ந்து தாழ்ந்திருக்கும் 31 வயதுக்காரரைப் பார்த்தால் டாக்டருக்குப் பிட்யூட்டரிக் கட்டி நினைவுக்கு வரும். டெஸ்டோஸ்டிரோன் 150-க்குக் கீழே போனால், அல்லது புரோலாக்டின் ஏறியிருந்தால், எம்.ஆர்.ஐ. எழுதுவார். நீங்கள் மறைத்த ஒரு வாக்கியத்துக்காக ஆயிரக்கணக்கில் செலவாகும். அதைவிட மோசம், காரணம் தெரியாமலே ஆயுள் முழுக்க ஊசி எழுதிக் கொடுத்துவிடலாம்.

சொல்கிற விதம் இப்படி இருக்கட்டும்: “சார், நான் ரெண்டு சைக்கிள் ஸ்டெராய்டு போட்டிருக்கேன். கடைசி ஊசி இந்தத் தேதியில. இப்ப எதுவும் எடுக்கல. குழந்தைக்கு முயற்சி பண்றோம். டெஸ்டோஸ்டிரோன் வேண்டாம், என்னோட சொந்தச் சுரப்பு திரும்புதான்னு பார்க்கணும்.” ஒரு தாளில் மருந்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மி.கி., எத்தனை வாரம், கடைசித் தேதி எழுதிக்கொண்டு போங்கள். குப்பியின் போட்டோ போனில் இருந்தால் காட்டுங்கள். கறுப்புச் சந்தைக் குப்பியில் லேபிளில் இருப்பதுதான் உள்ளேயும் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதையும் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும், இரண்டு நிமிடம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, எல்.ஹெச்.கூடப் பார்க்காமல், அன்றைக்கே டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுக்கிற டாக்டரிடம்தான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் எல்.ஹெச்.சைப் பாருங்கள். அதுவும் டெஸ்டோஸ்டிரோனும் தாழ்ந்திருந்தால் பிட்யூட்டரி இன்னும் விழிக்கவில்லை. உங்கள் நிலையில் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும், நம்பிக்கைக்கு இடமுள்ள நிலையும் இதுதான். எல்.ஹெச். இயல்புக்கு வந்து டெஸ்டோஸ்டிரோன் 250, 280 என்று நின்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, 2 மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். எல்.ஹெச். எகிறியும் டெஸ்டோஸ்டிரோன் தாழ்ந்தே இருந்தால் கோளாறு விரையில். அது வேறு விசாரணை.

விந்துப் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, எச்சிலோ எண்ணெயோ படாமல் எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். பைக் பெட்டியில் போட்டு வெயிலில் கொண்டுபோனால் அணுக்கள் வழியிலேயே சோர்ந்துவிடும். முதல் சொட்டுகள் சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில்தான் அணுக்கள் மிகுதி. மில்லிலிட்டருக்கு 1.6 கோடி என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த கீழ் எல்லை. பூஜ்யம் என்று வந்தாலும் இடிந்துபோகாதீர்கள். ஒரு விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ 3 மாதம் ஆகும். இன்றைய ரிப்போர்ட் 3 மாதத்துக்கு முந்தைய நிலவரம்.

டாக்டர் காத்திருக்கச் சொல்லலாம், அல்லது பிட்யூட்டரியைத் தூண்ட க்ளோமிஃபீன் 25 மி.கி. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். அது பெண்களுக்குக் கருமுட்டை வளரக் கொடுக்கும் மாத்திரை. மருந்துக்கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தால் கண்டுகொள்ளாதீர்கள். பார்வை மங்கினாலோ கண்ணில் பொறி பறந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். விந்தணு வராவிட்டால் எல்.ஹெச். போலவே விரையைத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் எஃப்.எஸ்.ஹெச். ஊசி. ஜிம்மில் கிடைக்கும் ஹெச்.சி.ஜி.யை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். இரத்த அளவு பார்க்காமல் போட்டால் எஸ்ட்ரடயால் ஏறி மார்பு வீங்கும்.

ஊசி நின்ற மாதங்களில் மனம் வெறுத்துப்போவதும் இதே ஹார்மோன் வீழ்ச்சியில் அடங்கியதுதான், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் 104 அல்லது 14416-ஐ அழையுங்கள்.

ஒரு வருடத்துக்கு மேலாகியும் சுரப்பு திரும்பாமல், குழந்தைக் கணக்கும் முடிந்த பிறகு டி.ஆர்.டி. பற்றிப் பேசலாம். அப்போது கிடைப்பது எனாந்தேட் என்றால் வாரம் 75 முதல் 100 மி.கி. அளவுதான், அதில் பழைய மேடை உடம்பை எதிர்பார்க்காதீர்கள். தொடங்கிய 3 முதல் 6 மாதத்துக்குள் ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்க்க வேண்டும். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் இரத்தம் கெட்டிப்பட்டு உறையும் அபாயம் உண்டு என்பதால் மருந்தை நிறுத்திக் காரணம் தேடுவார்கள். ஊசி வேண்டாம் என்று ஜெல் கேட்டு வாங்கினால், தடவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவி, காய்ந்த பிறகு தடவிய இடத்தைச் சட்டையால் மூடி, குழந்தையைத் தூக்குமுன் அந்த இடத்தையும் கழுவிவிட வேண்டும்.