எல்லாம் அடக்கம் என்றால் எதெல்லாம்? கடற்கரை ரிசார்ட் கேள்வி பதில்

கடற்கரை ரிசார்ட்டுகளில் முன்பதிவிலும் வரவேற்பிலும் வேலை பார்த்தவன் என்பதால், குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், ஆல்-இன்க்ளூசிவ், அதாவது எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம் என்றால் பர்ஸை அறையில் பூட்டிவிட்டுச் சுற்றலாமா?

சுற்றலாம். கடைசி நாள் பில்லைப் பார்த்து அதிராமல் இருக்க, எது சேராது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கிய கிளப் மெட் என்ற ரிசார்ட் நிறுவனம், 1950-இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் வெறும் கூடாரங்களோடு ஆரம்பித்தது. தங்குவது, சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம். ஆனால் பின்னாளில் அவர்களுடைய பாரில் பானம் வாங்க, கழுத்தில் மாட்டியிருந்த மணிகளைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மணிகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆக, அந்தக் காலத்திலேயே 'இது மட்டும் தனி' என்று ஒன்று இருந்திருக்கிறது.

இன்று மணிக்குப் பதில் கையில் ஒரு பட்டை. அறை, பஃபே, சாதாரண பானங்கள், நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சேரும். கயாக் போன்ற துடுப்புப் படகும் பல இடங்களில் சேரும். ஸ்பா, ஜெட் ஸ்கி, பாராசெய்லிங், ஸ்கூபா, விலை உயர்ந்த மது, மருத்துவர் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் சேராது. விமான நிலைய வண்டியும் உள்ளூர் வரியும் இடத்துக்கு இடம் மாறும். பஃபே இல்லாமல் மெனு பார்த்து ஆர்டர் செய்யும் தனி உணவகங்கள் வேறு கதை: இலவசம் என்பார்கள், ஆனால் தங்கும் நாட்களுக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு இருக்கும், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஃபோனில் "எல்லாமே உண்டு சார்" என்பது பதில் ஆகாது.

அண்ணா, ஹாஃப் போர்டு மலிவாக இருக்கிறதே, அது போதாதா?

பாதி நாள் வெளியே சுற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போதும். ஹாஃப் போர்டில் காலை உணவும் இரவு உணவும் கிடைக்கும், ஃபுல் போர்டில் மூன்று வேளையும் உண்டு, பானங்களுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. வெளியே கடையே இல்லாத தீவு, அல்லது மணிக்கொருதரம் பசிக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் ஆல்-இன்க்ளூசிவ் எடுத்துவிடுங்கள். வாசல் தாண்டினால் ஊர் இருக்கிறது, சுற்றிப் பார்க்கவும் ஆசை என்றால் அது வீண் செலவு. காசு கட்டியாயிற்றே என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு மூன்று வயதிலும் ஆறு வயதிலும் குழந்தைகள். நீச்சல் குளத்துக்கு நேராகத் திறக்கும் அறை கிடைக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும், உங்களுக்குத் தூக்கம் வராது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கையை ஆட்டிக் கூச்சலிடாது. மூச்சுக்குத் திணறும்போது குரல் எழாது, ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் எல்லாம் நடந்துவிடும். சுற்றி நாற்பது பேர் இருப்பது பாதுகாப்பு இல்லை. எல்லாரும் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள். அதனால் பெரியவர்களில் ஒருவர் பொறுப்பு எடுங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர் கையில் ஃபோனும் கூடாது, பானமும் கூடாது. சின்னவர் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் விளையாட்டுப் பொருள்தான், உயிர்காப்புச் சட்டை ஆகாது. லைஃப்கார்டு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றும் கேளுங்கள். ஆளே கிடையாது என்று பலகை மாட்டிய குளங்களும் உண்டு.

எனக்கு எப்போதும் பயமாக இருந்தது, குடும்பங்கள் வந்து இறங்கும் அந்த முதல் ஒரு மணி நேரம். அப்பா பெட்டியை எண்ணுவார், அம்மா சாவி வாங்குவார், பிள்ளை குளத்தைப் பார்த்துவிட்டிருக்கும்.

கடலில் சிவப்புக் கொடி, ஆனால் அலை சின்னதாகத்தான் தெரிகிறது. இறங்கலாமா?

கூடாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியில்தான் பல நேரம் ரிப் கரண்ட் எனும் இழுவை நீரோட்டம் இருக்கும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். மிதந்து மூச்சை நிதானமாக்குங்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். இரட்டைச் சிவப்பு என்றால் கடலுக்கே பூட்டு. ஊதா என்றால் ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிரினங்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் கொண்ட இரு கொடிகளுக்கு நடுவேதான் காவல் இருக்கும்.

தம்பி, எனக்கு மூட்டு வலி. பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். நான் வந்து சிரமப்படுவேனோ?

தாராளமாகப் போங்கம்மா. அறையை மட்டும் சரியாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெரிய ரிசார்ட்டில் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கே பத்து நிமிட நடை இருக்கும், ஒரு நாளைக்கு மூன்று வேளை. உணவுக் கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடம், தரைத்தளம் அல்லது லிஃப்ட் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்க வேண்டும். பேட்டரி கார் கூப்பிட்டால் வருமா, குறித்த நேரத்துக்கு மட்டுமா என்பதும் முக்கியம். கேட்டாலே உறுதி என்று அர்த்தமில்லை. போவதற்குச் சில நாள் முன்பு மறுபடி நினைவூட்டச் சொல்லுங்கள்.

பஃபே சாப்பிட்டு வயிறு கெடுமா?

கெடலாம். கூடம் திறந்தவுடன் போங்கள், கண்முன் சமைத்துத் தரும் அடுப்புப் பக்கம் நில்லுங்கள். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாகக் கிடப்பதைத் தொடாதீர்கள். ஒவ்வாமை இருந்தால் பெயர்ச் சீட்டை நம்பாமல் சமையல்காரரிடமே கேளுங்கள், ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்துக்கும் போய்வரும். ஓஆர்எஸ் பொட்டலம் கையோடு இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையைக் குளத்தில் இறக்கக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் போட்ட நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

கிட்ஸ் கிளப்பில் விடலாமா?

வயது வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு வயதிலிருந்துதான், அதற்குக் கீழே என்றால் தனிக் கட்டணம். குழந்தையை யார் வந்து கேட்டாலும் அனுப்பிவிடுவார்களா, கையெழுத்து உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விடாதீர்கள்.

விலை மிகக் குறைவாக ஒரு சலுகை வந்திருக்கிறது. எங்கே சிக்கல் இருக்கும்?

பெரும்பாலும் மாதத்தில். கரீபியன் பகுதியில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அங்கே 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெருமளவில் கரை ஒதுங்குகிறது, வெயிலில் அழுகினால் முட்டை நாற்றம். மாலத்தீவு என்றால் விமானம் இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அங்கிருந்து ரிசார்ட் தீவுக்குக் கொண்டுபோகும் கடல் விமானம் பகலில் மட்டும்தான். இருட்டிய பிறகு இறங்கினால், கடல் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய தீவுக்கு மறுநாள்தான். நடுவில் ஒரு ராத்திரி உங்கள் செலவு.

விடியற்காலையிலேயே துண்டு போட்டு நாற்காலி பிடிக்கிறார்களே?

எல்லா ஊரிலும் இதே கூத்துதான். சண்டை வேண்டாம், குளத்து ஊழியரிடம் சொல்லுங்கள். பல இடங்களில் ஆளில்லாத துண்டை எடுத்துவிடுவார்கள்.

கடைசி நாள் விமானம் இரவில். மதியமே அறையைக் காலி செய்துவிட்டு என்ன செய்வது?

பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுக் குளத்துக்கோ கடற்கரைக்கோ போகலாம். குளிக்கப் பொது அறை இருக்கிறதா, கைப்பட்டை எத்தனை மணி வரை செல்லும் என்பதை முந்தின நாளே கேளுங்கள். சில இடங்களில் மதிய உணவோடு வெட்டிவிடுவார்கள். நீச்சல் உடையும் மாற்றுத் துணியும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.