மே மாத ஏரியில் கயாக்: என்ன உடுப்புப் போடுவது? (கேள்வி பதில்)

ஒன்ராறியோ ஏரியில் பனி விட்டதும் கோஹோ, பிறவுன் ட்ரவுட் மீன்கள் கரைக்குக் கிட்ட வரும். எனக்கு வரும் கேள்விகளும் அதோடு கூடிவிடும். பதினொரு வருடமாகக் கயாக்கில் (துடுப்புப் போடும் சின்னத் தோணி) தூண்டில் போடுகிறேன். ஒருமுறை வடிவாகக் கவிழ்ந்தும் இருக்கிறேன், அதையும் கீழே சொல்கிறேன்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, மே மாதம் 20 பாகை வெயில் எறிக்குது. ரீசேர்ட்டும் ஜீன்ஸும் காணாதா?

காணாது தம்பி. வெயில் 20 பாகை என்றாலும் தண்ணீர் அந்த நேரம் 5, 6 பாகையில்தான் நிற்கும். ஏரியின் சராசரி ஆழமே 86 மீற்றர், ஆகக் கூடிய இடத்தில் 244 மீற்றர். அவ்வளவு தண்ணீரும் சூடேற மாதக்கணக்கில் எடுக்கும். உங்கள் ஸ்காபரோவின் புளஃபர்ஸ் பார்க் கரையில் கயாக்கை இறக்க முதல் மணிக்கட்டு வரை கையைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். நீங்களே வீட்டுக்குப் போய் வேறு உடுப்போடு வருவீர்கள்.

என் கணக்கு இதுதான்: தண்ணீர் 15 பாகைக்குக் கீழே என்றால் குளிர்தண்ணீருக்கென்று உள்ள வெட்சூட் அல்லது ட்ரைசூட் (இரண்டையும் கீழே விளக்குகிறேன்), பேச்சுக்கே இடமில்லை. 15க்கும் 21க்கும் நடுவில் என்றால் காற்று, கரைக்குள்ள தூரம், கூட யார் வருகிறார்கள் என்று பார்த்து முடிவெடுப்பேன். ஜீன்ஸ் எந்தக் கணக்கிலும் வராது. நனைந்த பருத்தித் துணி சூட்டைப் பிடித்து வைக்காது, காயவும் காயாது.

பருத்தித்துறையில் பிறந்த ஒரு ஐயா: சின்ன வயதிலிருந்து கடலில் நீந்தியவன் நான். கவிழ்ந்தாலும் நீந்திக் கரைக்கு வருவேன். எதற்கு இந்தச் செலவு?

ஐயா, உங்கள் நீச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பழகிய கடல் 28 பாகை. அங்கே சரத்தோடு விழுந்தாலும் சிரித்துக்கொண்டு தோணியில் ஏறலாம். இங்கே விழுந்ததும் நடப்பது வேறு. குளிர் தோலில் பட்ட கணமே உங்களைக் கேளாமல் நெஞ்சு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு கதை முடிந்தது. வெளியில் இருந்தாலும் ஒரு நிமிடத்துக்கு மூச்சு தாறுமாறாக வாங்கும், நெஞ்சு படபடக்கும். நல்ல நீச்சல்காரரும் அந்த நிமிடத்தில் நீந்த ஏலாது.

மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தன் உடம்பையே குளிர்தண்ணீரில் இறக்கிப் பரிசோதித்தவர். அவர் சொன்ன கணக்கு 1-10-1. மூச்சை அடக்க ஒரு நிமிடம். கை, கால் சொல்லுக் கேட்கும் காலம் பத்து நிமிடம். உடம்பு விறைத்து நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். விறைத்துத்தான் சாவோம் என்று கனபேர் நினைக்கிறார்கள். அந்த மணித்தியாலம் வரைக்கும் போகாமலே, முதல் இரண்டு கட்டத்திலேயே கனபேர் மூழ்கிப்போகிறார்கள். உடுப்புக்குக் காசு கொடுப்பது அந்த முதல் பதினொரு நிமிடத்துக்காகத்தான்.

அஜாக்ஸிலிருந்து: வெட்சூட்டா, ட்ரைசூட்டா?

வெட்சூட் உங்களை நனைய விடும். குளிரைத் தடுப்பது அதன் நியோபிரீன் என்ற நுரை றப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் உள்ளே ஓடித் திரியும். கையில்லாத 3 மில்லிமீற்றர் வெட்சூட் தண்ணீர் 12, 13 பாகைக்கு வந்த பிறகு பரவாயில்லை. ஏப்ரலுக்கு அதை நம்ப மாட்டேன்.

ட்ரைசூட்டுக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான றப்பர் பட்டி இருக்கும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் அது வெறும் உறைதான். சூடு தருவது நீங்கள் உள்ளே போடும் கம்பளி அல்லது ஃபிளீஸ். உள்ளே ஒரு பருத்திப் பெனியனோடு இறங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். போட்டதும் குந்தி இருந்து, கழுத்துப் பட்டியை விரலால் விலக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். சிப்பை (zip) கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்தாயிற்றா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அரைகுறையாகப் பூட்டிய ட்ரைசூட் தண்ணீர் நிரப்பிய சாக்கு.

விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். மீன் தேடும் கருவிக்கு அதே காசைக் கொடுக்கிறவர்கள் இதற்கு மட்டும் மூக்கால் அழுவதுதான் எனக்கு விளங்காத விஷயம். நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ எடுங்கள். நீலத்தை ஏரியில் யார் காண்பது?

மிசிசாகாவிலிருந்து: ஆற்றில் நிற்கப் போடும் வேடர்ஸ் (தண்ணீர் புகாத நீளக் காற்சட்டை) இருக்கு. அது நிரம்பினால் அடிக்கு இழுக்குமாமே?

இழுக்காது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்குப் பாரமில்லை. பிரச்சினை கயாக்கில் திரும்ப ஏறும்போதுதான். இரண்டு காலிலும் நிரம்பிய தண்ணீரைச் சேர்த்துத் தூக்க வேண்டும், அதுவும் விறைத்த கையால். இடுப்புப் பட்டியை இறுக்கினால் உள்ளே வருவது குறையும், ஆனால் நிற்காது. குளிர்தண்ணீருக்கு வேடர்ஸை நான் ஏற்பதில்லை.

ஒரு அக்கா: இவர் லைஃப் ஜக்கெற்றை இருக்கைக்குப் பின்னால்தான் வைக்கிறார். சட்டத்துக்கு அது போதும் என்கிறார்.

சட்டத்துக்குப் போதும்தான் அக்கா. கனடாவில் ஆளுக்கொன்று கயாக்கில் இருக்க வேண்டும், 15 மீற்றர் மிதக்கும் கயிறும் இருக்க வேண்டும். ஆனால் மூச்சு தடுமாறும் அந்த ஒரு நிமிடத்தில் முகத்தை மேலே வைத்திருப்பது அந்த ஜக்கெற்தான். இருக்கைக்குப் பின்னால் கிடப்பது கயாக்கோடு மிதக்கும், அவரோடு மிதக்காது. தூண்டில் வீசும்போது தோளில் இடிக்கிறது என்பார். முதுகின் மேற்பக்கம் மட்டும் நுரை வைத்து, கீழே வலையாக இருக்கும் கயாக் ஜக்கெற்கள் இருக்கின்றன. வாங்கிக் கொடுத்து அவர் வாயை அடையுங்கள்.

சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒருவர்: சார், ஜூலையில தண்ணி சூடாதானே இருக்கும்? அப்பவும் இதெல்லாம் வேணுமா?

வெட்சூட்டும் ட்ரைசூட்டும் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் இந்த ஏரியை முழுக்க நம்பாதீர்கள். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால், பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்தண்ணீரை ரொறன்ரோ கரையிலிருந்து தெற்கே தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் மேலே வரும். நேற்று 20 பாகையில் பிள்ளைகள் குளித்த கரையில் இன்று 8 பாகை இருக்கும். போகும் நாள் காலையில் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள், நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். வடக்கிலிருந்து காற்று வந்தால் இன்னும் கவனம். கரையில் நிற்கும்போது ஏரி கண்ணாடிபோல் தெரியும், அந்தக் காற்றே உங்களை நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

விற்பியிலிருந்து: கையுறை போட்டால் முடிச்சுப் போட முடியவில்லை அண்ணா.

முடிச்சுகளை வீட்டிலேயே போட்டுக் கொண்டு வாருங்கள். விரல் நுனி மடியும் நியோபிரீன் கையுறை கொஞ்சம் உதவும். நான் கவிழ்ந்தது ஒரு மே மாதம், தண்ணீர் 7 பாகை. மீனைக் கைவலையில் எடுக்கப் பக்கத்தால் சரிந்தேன், அவ்வளவுதான். மழைச் சட்டையும் ஃபிளீஸும்தான் போட்டிருந்தேன். மூன்றாவது முயற்சியில்தான் ஏறினேன். ஏறிய பிறகு போனை எடுக்கப் பார்த்தால் பொக்கெற் சிப்பை இரண்டு விரலால் பிடிக்க முடியவில்லை, பல்லால் இழுத்தேன். அன்றிலிருந்து சிப் எல்லாவற்றிலும் கயிற்றுத் துண்டு கட்டியிருக்கிறேன். போன், விசில், சின்னக் கத்தி மூன்றும் ஜக்கெற்றிலேயே இருக்கும். கத்தி எதற்கென்றால், கவிழ்ந்தால் தூண்டில் நரம்பு காலைச் சுற்றும்.

மீன் அப்போதே போய்விட்டது. கேட்பீர்கள் என்று தெரியும்.

ஒஸ்லோவிலிருந்து: தண்ணீரிலிருந்து எடுத்தவருக்குக் கொஞ்சம் பிராந்தி கொடுக்கலாமா?

வேண்டாம். மது தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்சூட்டை இன்னும் குறைக்கும். ஆளைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள், கை காலைத் தேய்க்க வேண்டாம். ஈர உடுப்பைக் கழற்றி, போர்வையால் சுற்றி, நெஞ்சுப் பக்கத்தைச் சூடாக்குங்கள். நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் உடனே அவசர உதவிக்கு அழையுங்கள்.

அதே தம்பி, ஸ்காபரோ: சரி அண்ணா, உடுப்பு வாங்கிவிட்டேன். இனி போகலாமா?

முதலில் நெஞ்சளவு தண்ணீரில், தூண்டில் இல்லாமல், ஆள் கூட நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். காலைப் பின்னால் அடித்து உடம்பை மிதக்க விட்டு, வயிறு, பிறகு இடுப்பு, பிறகு இருக்கை என்று ஏறிப் பழகுங்கள். ஐந்து முறை ஏறிய பிறகு உள்ளே எங்கே ஈரம் என்று தடவிப் பாருங்கள். வரும் சனிக்கிழமை காலை நான் புளஃபர்ஸில் நிற்பேன், கயாக்கைக் கொண்டு வாருங்கள்.